கறை வேறு, அழுக்கு வேறு: பிளாஸ்டிக் உணவுக்கலன்களைத் தூய்மை செய்யும் முறை

நோயுற்றோருக்கு வீட்டிலிருந்து உணவு கொண்டு வரும் குடும்பத்தினர் பெரும்பாலும் பிளாஸ்டிக் டப்பாக்களையே பயன்படுத்துகின்றனர். அவை எடை குறைந்தவை. கீழே விழுந்தால் உடைவதில்லை. வார்டின் அமைதியைக் கெடுக்கும் ஓசையும் எழுவதில்லை. நெய்வேலி நகரியத்தின் வட்டங்களிலிருந்து வருவோரிடமும், வடலூர், பண்ருட்டி, விருத்தாசலம் ஆகிய ஊர்களிலிருந்து பேருந்தில் வருவோரிடமும் இக்கலன்களைக் காண்கிறோம். அவற்றுள் பல, சாம்பாரின் மஞ்சளும் காரக்குழம்பின் செம்மையும் ஏறி, எத்தனை முறை துலக்கியும் நிறம் மாறாதவையாக இருக்கின்றன.

இக்கறையைக் கண்டு கூச்சப்படுவோர் உண்டு. கம்பி நாரினால் தேய்த்துத் தேய்த்துக் கலனின் உட்புறத்தையே கெடுத்துவிடுவோரும் உண்டு. மற்றொரு புறம், கறையின்றிப் பளிச்சென்று தோன்றுவதனாலேயே ஒரு கலன் தூயது என்று நம்புவோரும் உளர். இவை யாவும் ஒரே குழப்பத்திலிருந்து பிறப்பவை. கறை என்பது வேறு. அழுக்கு என்பது வேறு. நோயாளியின் நலனுக்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது. ஆதலால் இவ்விதழின் பாடமாக இதனையே எடுத்துக்கொள்கிறோம்.

மஞ்சள் ஏன் ஒட்டிக்கொள்கிறது?

மஞ்சள் கிழங்கின் நிறத்திற்குக் காரணமான பொருள் குர்குமின் என்பதாகும். 1815-ஆம் ஆண்டிலேயே வேதியியலார் இதனை மஞ்சளிலிருந்து பிரித்தெடுத்தனர். மஞ்சள் தூளில் இதன் அளவு பொதுவாக நூற்றுக்கு 2 முதல் 5 பங்கு வரையில்தான் இருக்கும். ஆயினும் ஒரு சிட்டிகைத் தூள் ஒரு சட்டிக் குழம்பு முழுவதற்கும் நிறமூட்டிவிடுகிறது.

குர்குமின் நீரில் எளிதில் கரையாது. எண்ணெயில் நன்கு கரையும். நாம் உணவு வைக்கும் கலன்கள் பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கினால் ஆனவை. பாலிபுரோப்பிலீனும் எண்ணெயின் இயல்பை ஒத்தது. நீரை விலக்கி எண்ணெயை ஏற்கும். தாளிப்பின் எண்ணெயில் கரைந்த குர்குமின், சூடான குழம்போடு கலனின் சுவரைத் தொடும்பொழுது, எண்ணெயை விட்டுச் சுவரின் மேற்பரப்புக்குள் குடியேறுகிறது. சூடு கூடினால் பிளாஸ்டிக்கின் மூலக்கூறுகள் சற்றே நெகிழ்ந்து இடம் கொடுக்கின்றன. நிறம் மேலும் உள்ளே செல்கிறது. எனவே கறை படிவதற்கு மூன்று துணைகள் உள்ளன என்று சுருக்கிக் கூறலாம்: எண்ணெய், சூடு, நேரம். இம்மூன்றில் ஒன்றைக் குறைத்தாலும் கறை குறையும்.

எவர்சில்வர் பாத்திரத்தில் இவ்வாறு நேர்வதில்லை. உலோகத்தின் மேற்பரப்பில் நிறம் புகுவதற்கு இடமில்லை. மேலே படிவதோடு நின்றுவிடுகிறது. ஆதலால் ஒரு முறை சோப்பிட்டுத் துலக்கினாலே அகன்றுவிடுகிறது.

எல்லாக் கறைகளும் ஒரு தன்மையன அல்ல

கறையை அகற்றுமுன் அது எவ்வகையைச் சேர்ந்தது என்று அறிதல் நன்று.

எண்ணெயில் கரையும் நிறங்கள்: மஞ்சளின் குர்குமின், தக்காளியின் லைக்கோபீன், மிளகாய் வற்றலின் செந்நிறம், கீரையின் பச்சையம். இவை பிளாஸ்டிக்கில் பிடிவாதமாக நிற்பவை.

நீரில் கரையும் நிறங்கள்: பீட்ரூட்டின் செந்நிறம், நாவற்பழத்தின் ஊதா. இவை பார்ப்பதற்கு அச்சமூட்டினாலும், உடனே கழுவினால் பெரும்பாலும் நீங்கிவிடும்.

தேநீர், காப்பிக் கறை: இது மேற்பரப்பில் படலமாகப் படிவது. சமையல் சோடாவைக் குழைத்துப் பூசி மென்மையாகத் தேய்த்தால் அகலும்.

சோப்பு பட்டதும் சிவப்பது ஏன்?

மஞ்சள் கறை படிந்த கலனில் சோப்பையோ சமையல் சோடாவையோ இட்டதும் அவ்விடம் செம்பழுப்பாக மாறுவதைப் பலர் கண்டிருப்பர். கறை முற்றிவிட்டது என்று அஞ்சி மேலும் வன்மையாகத் தேய்க்கத் தொடங்குகின்றனர். அஞ்ச வேண்டுவதில்லை. மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கலந்து நாம் ஆரத்தி கரைக்கும்பொழுது நிகழ்வதும் இதுவே. குர்குமின் காரத்தோடு சேர்ந்தால் சிவக்கும்; அமிலத்தோடு சேர்ந்தால் மீண்டும் மஞ்சளாகும். சிவந்த இடத்தில் எலுமிச்சைச் சாறு சிறிது விட்டால் பழைய மஞ்சள் நிறம் திரும்புவதைக் காணலாம்.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது. எலுமிச்சையும் வினிகரும் செந்நிறத்தை மாற்றுகின்றன, நாற்றத்தைக் குறைக்கின்றன, ஆனால் மஞ்சளை அழிப்பதில்லை. மஞ்சளை உண்மையில் அழிப்பது ஒளி. மஞ்சள் பூசிய தாலிச் சரடும், மஞ்சளில் நனைத்த வேட்டியும் வெயிலில் நாளடைவில் வெளுப்பது எவர் வீட்டிலும் அறிந்த செய்தி. கதிரவனின் ஒளி குர்குமினைச் சிதைத்து நிறமற்ற சிறு மூலக்கூறுகளாக உடைத்துவிடுகிறது. மே மாதத்துக் கத்திரி வெயில் நமக்குப் பல தொல்லைகள் தருவது. இவ்வொரு பணியில் அதுவே நமக்கு உற்ற துணை.

கறை அகற்றும் முறை: ஐந்து படிகள்

முதற்படி, எண்ணெயைத் துடைத்தல். உணவு தீர்ந்தவுடன் நீர் விடுவதற்கு முன்பே, பழைய செய்தித்தாள் அல்லாத தூய காகிதத்தாலோ மெல்லிய துணியாலோ உட்புறத்து எண்ணெயைத் துடைத்தெடுக்க வேண்டும். நிறம் எண்ணெயில் இருப்பதால், எண்ணெய் போனால் நிறத்தின் பெரும்பகுதியும் போய்விடும். கறை புதிதாக இருப்பின், சில துளிச் சமையல் எண்ணெயை அதன்மீது தடவிப் பத்து நிமிடம் விட்டுத் துடைக்கலாம். மேற்பரப்பில் உள்ள நிறத்தைப் புதிய எண்ணெய் கரைத்துக்கொண்டு வரும்.

இரண்டாம் படி, ஊற வைத்தல். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து, கலன் நிறைய ஊற்றி அரை மணி நேரம் வைத்திட வேண்டும். பின்னர் மென்மையான பஞ்சினால் தேய்த்துக் கழுவுக. பிளாஸ்டிக் எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும் தன்மையுடையதாதலால், எவர்சில்வருக்கு ஒரு முறை சோப்பிட்டால் போதுமெனில் இதற்கு இரு முறை தேவைப்படலாம்.

மூன்றாம் படி, சோடாப் பூச்சு. இரண்டு தேக்கரண்டி சமையல் சோடாவில் சில துளி நீர் விட்டுக் குழைத்துக் கறையின்மீது பூசி, அரை மணி நேரம் கழித்து விரல் நுனியாலோ மென்துணியாலோ தேய்த்துக் கழுவ வேண்டும். இடையில் நிறம் சிவந்தால் அதன் காரணத்தை மேலே கூறினோம்.

நான்காம் படி, எலுமிச்சை. நன்கு கழுவிய பின், பிழிந்த எலுமிச்சைத் தோலால் உட்புறத்தையும் மூடியின் விளிம்பையும் தேய்த்து, சிறிது நேரம் விட்டு மீண்டும் கழுவுக. வெங்காயம், பூண்டு, மீன் ஆகியவற்றின் வாடை இதனால் குறையும்.

ஐந்தாம் படி, வெயில். கழுவிய கலனை ஈரத்தோடு, வாய் மேல்நோக்கி, உட்புறத்தில் ஒளி நேராக விழுமாறு வெயிலில் வைக்க வேண்டும். மூடியின் உட்புறமும் ஒளியை நோக்கி இருக்கட்டும். கறையின் அழுத்தத்திற்கு ஏற்ப ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை ஆகலாம். ஐப்பசி, கார்த்திகை மாதத்து அடைமழைக் காலத்தில் சன்னலோர வெளிச்சமும் பயன்படும். ஆயின் நாட்கள் கூடுதலாகும். நிறம் மறைந்ததும் எடுத்துவிட வேண்டும். வாரக்கணக்கில் வெயிலில் கிடந்தால் பிளாஸ்டிக்கே நொறுங்கும் தன்மை அடையும்.

தக்காளி, மிளகாய் ஆகியவற்றின் செந்நிறமும் இம்முறையாலேயே மெல்ல மங்கும். வெயிலில் வைத்தெடுத்த கலனை உணவிடுமுன் மீண்டும் ஒரு முறை சோப்பிட்டுக் கழுவ வேண்டும். வெயில் நிறத்தைப் போக்குமே அன்றி, கழுவுதலுக்கு மாற்றாகாது.

செய்யத் தகாதவை

கம்பி நார், தேங்காய் நார், மணல், கரடுமுரடான தூள் ஆகியவற்றால் பிளாஸ்டிக்கைத் தேய்க்கலாகாது. மேற்பரப்பில் நுண்ணிய கீறல்கள் விழும். அக்கீறல்களில் எண்ணெயும் உணவுத் துகளும் தங்கும். அடுத்த கறை முன்னிலும் ஆழமாக ஏறும். கிருமிகளும் அங்கு ஒளிந்துகொள்ளும். அழகுக்காகத் தொடங்கிய முயற்சி, நலத்திற்குக் கேடாக முடியும்.

பிளீச்சிங் பவுடரும் பிளீச்சிங் திரவமும் மஞ்சளை வெளுக்கச் செய்யும் என்பது உண்மையே. ஆயினும் நோயாளிக்கு உணவு கொண்டு வரும் கலனுக்கு இவற்றை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. எவரேனும் பயன்படுத்த நேர்ந்தால் ஓர் எச்சரிக்கையை உயிர்போல் காக்க வேண்டும்: பிளீச்சிங் திரவத்தோடு வினிகரையோ எலுமிச்சையையோ கழிவறை தூய்மை செய்யும் அமிலத்தையோ ஒருபோதும் கலக்கலாகாது. கலந்தால் குளோரின் வாயு வெளிப்படும். அடைத்த குளியலறையில் அவ்வாயு நுரையீரலைப் புண்ணாக்கும். ஆஸ்துமா உள்ளோருக்கும் குழந்தைகளுக்கும் பேரிடர் விளைக்கும். அம்மோனியா உள்ள திரவங்களோடு கலப்பதும் அவ்வாறே தீங்கானது. "ஒன்றைவிட இரண்டு சேர்ந்தால் நன்றாகப் போகும்" என்னும் எண்ணம் இவ்விடத்தில் மிகவும் ஆபத்தானது.

பெட்ரோல், தின்னர், நகப்பூச்சு நீக்கி போன்றவற்றை உணவுக்கலனில் பயன்படுத்தவே கூடாது. பிளாஸ்டிக் அவற்றை உறிஞ்சி வைத்துக்கொண்டு பின்னர் உணவில் விடும்.

கறை தீங்கு செய்யுமா?

நேராகக் கூறின், நன்கு கழுவிய கலனில் எஞ்சி நிற்கும் மஞ்சள் நிறத்தால் நோயாளிக்குத் தீங்கு இல்லை. அது நாம் அன்றாடம் உண்ணும் பொருளின் நிறமே. கறை படிந்த டப்பாவில் உணவு கொண்டு வருவதற்கு எவரும் வெட்கப்பட வேண்டுவதில்லை.

கவலைக்குரியவை வேறு. கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் அவற்றுள் முதலாவது. கழுவிய கலனின் உட்புறத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். வழுக்கினால் எண்ணெய் எஞ்சியிருக்கிறது. மூடி வைத்துச் சிறிது நேரம் கழித்துத் திறந்து முகர்ந்து பாருங்கள். பழைய எண்ணெயின் சிக்கு வாடை வீசினால் கழுவியது போதவில்லை. நிலக்கடலை போன்ற பொருள்கள் ஒவ்வாத நோயாளிக்கு இவ்வெஞ்சிய படலமே போதும், துன்பம் விளைக்க.

மூடியின் உட்பள்ளம் இரண்டாவது. இறுக்கமான மூடிகளில் ரப்பர் வளையம் இருக்கும். அதனைக் கழற்றிக் கழுவாவிடில் அடியில் கருநிறப் பூஞ்சை படரும். மஞ்சள் கறையை நாள்தோறும் தேய்ப்போர் இவ்வளையத்தைக் கழற்றிப் பார்த்ததே இல்லை என்பதைப் பல நேரங்களில் காண்கிறோம்.

ஈரம் மூன்றாவது. கழுவியவுடன் மூடியை இறுக்கி அடுக்கி வைத்தால் உள்ளிருக்கும் ஈரம் உலராது. கலனையும் மூடியையும் தனித்தனியே கவிழ்த்து வைத்து, முற்றும் உலர்ந்த பின்னரே மூட வேண்டும். துலக்கும் பஞ்சையும் பிழிந்து உலர்த்துக; நாட்பட்ட பஞ்சை மாற்றுக.

கலனின் அடியில் உள்ள எண்

கலனின் அடிப்புறத்தில் முக்கோணத்துள் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அது பிளாஸ்டிக்கின் வகையைக் குறிப்பது. 5 என்பது பாலிபுரோப்பிலீன். கொதிநீரின் சூட்டைத் தாங்கும். 1 என்பது பெட். குடிநீர்ப் புட்டிகள் பெரும்பாலும் இவ்வகையின. சூடான ரசத்தையோ கஞ்சியையோ பெட் புட்டியில் ஊற்றினால் அது நெளிந்துவிடும். அவ்வாறு செய்தல் கூடாது. அருகில் கிண்ணமும் முட்கரண்டியும் வரைந்த குறி இருப்பின், அக்கலன் உணவுக்கெனச் செய்யப்பட்டது என்று கொள்ளலாம். உணவைத் தொடும் பிளாஸ்டிக்கிலிருந்து உணவுக்குள் கசியக்கூடிய பொருள்களின் மொத்த அளவு ஒரு கிலோவுக்கு 60 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டுப் பொதிகலன் விதிகள் வரையறுக்கின்றன. பெயின்ட் டப்பா, உரப் புட்டி முதலியவற்றைக் கழுவி உணவுக்குப் பயன்படுத்துவது எவ்வகையிலும் தகாது.

எப்பொழுது விட்டுவிட வேண்டும்?

உட்புறம் கீறல்களால் வெண்மை படர்ந்திருந்தாலும், நகத்தால் வருடும்பொழுது கீறல் தட்டுப்பட்டாலும், விரிசல் இருந்தாலும், கழுவியும் பிசுபிசுப்பு நீங்காவிட்டாலும், மூடி சரியாகப் பொருந்தாவிட்டாலும் அக்கலனை உணவுக்குப் பயன்படுத்துவதை நிறுத்துக. ஆணி, நூல், பொத்தான் போட்டு வைக்க அது உதவும். மஞ்சள் நிறம் மட்டும் இருப்பின் விட வேண்டியதில்லை.

கறை படியாமல் காக்கும் வழி

குழம்பு, சாம்பார், ரசம் ஆகிய சூடும் எண்ணெயும் உடையவற்றுக்கு எவர்சில்வர் தூக்கும் டிபன் கேரியருமே ஏற்றவை. இட்லி, சப்பாத்தி, நறுக்கிய பழம், பொரி போன்றவற்றுக்குப் பிளாஸ்டிக் போதும். முறைப்பணிக்குச் செல்வோர் காலங்காலமாக எவர்சில்வர் அடுக்கில் உணவு எடுத்துச் சென்றதில் நல்ல அறிவு இருந்தது. பிளாஸ்டிக்கிலேயே குழம்பு எடுத்தாக வேண்டுமெனில், முதலில் கலனின் உட்புறத்தைக் குளிர்ந்த நீரால் நனைத்துத் துடைத்து, சூடு தணிந்த குழம்பை ஊற்றுக. மைக்ரோவேவ் அடுப்பில் பிளாஸ்டிக்கோடு வைத்துக் குழம்பைச் சூடாக்கலாகாது. எண்ணெய் கொதிநீரைவிட மிகுதியாகச் சூடேறும். அவ்விடத்தில் கறை ஏறுவதோடு பிளாஸ்டிக்கின் மேற்பரப்பும் பொரிந்துவிடும்.

நோயாளியின் உணவும் நேரமும்

சூடு தணிந்த பின் ஊற்றுக என்றோம். இங்கு ஒரு கருத்தைச் சேர்த்தே சொல்ல வேண்டும். சமைத்த உணவு 60 பாகை செல்சியசுக்கு மேலோ, 5 பாகைக்குக் கீழோ இருக்கும் வரையில்தான் கிருமிகள் அடங்கியிருக்கும். இடைப்பட்ட சூட்டில் அவை விரைந்து பெருகும். ஆகவே சூடு தணிந்த உணவை 2 மணி நேரத்துக்குள் உண்டுவிட வேண்டும். வெயில் கடுமையான நாளில் 1 மணி நேரமே அளவு. இக்கணக்கு அடுப்பிலிருந்து இறக்கிச் சூடு தணியும் நேரத்திலிருந்தே தொடங்குகிறது. மருத்துவமனையை அடைந்த நேரத்திலிருந்து அன்று. பேருந்துப் பயணமும் வரவேற்பறையில் காத்திருப்பதும் இதில் அடங்கும். தொலைவிலிருந்து வருவோர்க்குச் சூட்டைக் காக்கும் எவர்சில்வர் ஹாட்பேக் ஏற்றது.

சோற்றில் தனிக் கவனம் வேண்டும். பேசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரின் விதைத்துகள்கள் வேக வைத்தாலும் மடிவதில்லை. சோறு அறைச்சூட்டில் நெடுநேரம் இருந்தால் அவை முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்கும். வாந்தியை உண்டாக்கும் அந்நச்சு மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. உடல் நலமுள்ளோர் ஒரு நாள் வயிற்று உபாதையோடு தப்பிவிடலாம். புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர், சிறுநீரக நோயாளர், முதியோர், கைக்குழந்தைகள் ஆகியோருக்கு அது பெருந்துன்பமாகும். நண்பகலில் மிஞ்சியதைக் கட்டிலருகே வைத்திருந்து இரவில் ஊட்டுவதைத் தவிர்க்குமாறு வேண்டுகிறோம். உணவு வீணாகிறதே என்னும் மனவருத்தம் எங்களுக்கும் புரிகிறது. 1867-இல் வள்ளலார் வடலூரில் ஏற்றிய அடுப்பு இன்றும் பசியாற்றிக்கொண்டிருக்கும் மண்ணில், சோற்றைக் கொட்டுவது எளிதன்று. அதற்கு வழி, அளவு குறைத்துக் கொண்டு வருதலே.

ஒரே வார்டில் ஒரே நிறத்து டப்பாக்கள் பல இருக்கும். உப்பு குறைத்த உணவும் சர்க்கரை நோயாளருக்கான உணவும் இடம் மாறினால் சிகிச்சையே தடுமாறும். மூடியின்மீது நோயாளியின் பெயரையும் உணவின் தன்மையையும் எழுதி ஒட்டுக. வீட்டு உணவு கொடுக்கலாமா என்பதை ஒவ்வொரு நாளும் செவிலியரிடம் கேட்டறிந்த பின்னரே கொடுக்கவும்; நேற்று தகுந்த உணவு இன்று, அறுவை சிகிச்சைக்கு முன்போ மருந்து மாற்றத்திற்குப் பின்போ, தகாததாக இருக்கலாம்.

நினைவில் கொள்ள

எண்ணெயை முதலில் துடையுங்கள், பின்பு கழுவுங்கள்.
சோப்பில் சிவந்தால் அஞ்சாதீர்கள்.
மஞ்சளைப் போக்குவது வெயில், தேய்ப்பு அன்று.
கம்பி நார் வேண்டாம். பிளீச்சிங் திரவத்தோடு எதனையும் கலக்க வேண்டாம்.
ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவுங்கள்.
நிறம் நின்றால் வைத்துக்கொள்ளலாம். கீறல் விழுந்தால் விட்டுவிடுங்கள்.
சூடான குழம்புக்கு எவர்சில்வர்.
சூடு தணிந்த உணவுக்கு 2 மணி நேரமே எல்லை.

இன்று மாலை வீட்டிலுள்ள உணவுக்கலன்களை ஒரு முறை வரிசையாக வைத்துப் பாருங்கள். நிறத்தைப் பாராமல், விரலால் வருடியும் முகர்ந்தும் மூடியின் வளையத்தைக் கழற்றியும் சோதியுங்கள். நோயாளிக்கு நாளை எக்கலனில் உணவு செல்ல வேண்டும் என்பதை அச்சோதனையே சொல்லிவிடும்.